ரான்சம்வேருக்குத் தமிழ்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

செ. (கோவை) எழுதியது:
குழுவினருக்கு வணக்கம். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்காக ஒரு சிறு கையேட்டை மொழிபெயர்க்கிறேன். படிக்கப்போகிறவர்கள் முதலாளிகளும் கணக்கு எழுதுபவர்களும். ரான்சம்வேரில் வந்து நிற்கிறேன். கோப்புகளைக் குறியாக்கிப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் நிரல். 2017 மே மாதம் வான்னாக்ரை 150 நாடுகளுக்கு மேல் பரவி, பிட்காயினில் 300 டாலர் கேட்டதே, அதே ரகம். ‘பணயத் தீநிரல்’ என்று எழுதியதை ஒரு கணக்காளரிடம் காட்டினேன். “சீட்டாட்டமா?” என்றார். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

ந. (மதுரை) எழுதியது:
அவர் கேட்டது சரிதான் அம்மா. பணயம் சூதில் வைக்கும் பொருள். பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள் ‘பணயக்கைதி’யால் ஒட்டிக்கொண்டது. நம்மிடம் இல்லாத சொல்லா? பழைய போர்த் திணைகளில், பகைவரின் ஆநிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. தொல்காப்பியர் கரந்தையை வெட்சிக்குள்ளேயே அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலை அதைத் தனித்திணை ஆக்கியது. தாக்குவது வெட்சிநிரல், பேக்கப்பிலிருந்து (முன்பே எடுத்து வைத்த நகலிலிருந்து) மீட்பது கரந்தை. ஒரே வீச்சில் இரண்டு சொல்.

மு. (சென்னை) எழுதியது:
ஐயா, வெட்சியில் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இங்கே மாடு தொழுவத்திலேயே நிற்கிறது, கதவில் மட்டும் வேறு பூட்டு. பார்க்கப்போனால் இது உழிஞை, மதிலை வளைப்பது. (இப்போது கோப்புகளைத் திருடிக்கொண்டும் போய், வெளியிடுவோம் என்று மிரட்டுகிறார்கள். அதற்கு வேண்டுமானால் வெட்சி.) ‘பூட்டுநிரல்’ போதாதா?

ந. எழுதியது:
பூட்டுநிரல் வினைத்தொகையா, வேற்றுமைத்தொகையா? பூட்டுகிற நிரலா, பூட்டுக்கான நிரலா? இரண்டாவதாகப் படித்தால் அது பாதுகாப்பு மென்பொருள். முதலாளி காசு கொடுத்து வாங்கிவிடுவார்!

வ. (யாழ்ப்பாணம்) எழுதியது:
எங்கட பத்திரிகைகளில், ஆளைக் கடத்திக் காசு கேட்டால் ‘கப்பம் கோரினர்’ என்றுதான் வரும். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். கப்பநிரல் என்றால் என்ன?

ந. எழுதியது:
கப்பம் தமிழ்தானா என்பதே ஐயம். கன்னடத்திலும் ‘கப்ப’ உண்டு. சங்கச் சொல் திறை. திறைநிரல் என்க.

மு. எழுதியது:
‘திறை’யை அச்சகத்தில் எழுத்துப்பிழை என்று ‘திரை’யாகத் திருத்திவிடுவார்கள். ஸ்கிரீன்சேவர் ஆகிவிடும்.

செ. எழுதியது:
எனக்கு அந்தச் சொல்லுக்குக் கீழே வரும் வரிகள்தான் முக்கியம். அவை இவை:
“பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்க்கைக் கணினியிலேயே செருகி வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். எடுத்ததும் கழற்றி வேறு இடத்தில் வையுங்கள். விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்: வான்னாக்ரை புகுந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வந்துவிட்டது. பணம் கட்டினாலும் சாவி வரும் என்ற உறுதி இல்லை. தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். இது 2022 ஏப்ரல் உத்தரவு. வங்கிக் கணக்கிலிருந்தே பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.”
கணக்கு மென்பொருளான டேலி திறக்காமல் கைபிசைந்து நிற்பவர் இதைப் படித்ததும் ஒயரைப் பிடுங்க ஓட வேண்டும். அகராதியை எடுக்க ஓடக் கூடாது.

மு. எழுதியது:
தயவுசெய்து அந்தப் ‘பேக்கப்’பைக் ‘காப்புப்படி’ ஆக்கிவிடாதீர்கள். மில் ஊர். பஞ்சப்படி மாதிரி ஏதோ புதுப்படி என்று தீபாவளிக்கு முன் கேட்டு வருவார்கள்.

ந. எழுதியது:
அப்படியென்றால் எதற்குக் குழு? ஆங்கிலத்தையே அச்சடியுங்கள்.

வ. எழுதியது:
ஐயா கோபிக்க வேண்டாம். கணனி, கணிணி, கணினி என்று அடிபட்ட ஆக்கள்தானே நாங்கள். முதல் பக்கத்தில் ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல் இரண்டையும் சேர்த்துப் போட்டால், பிறகு எது நிற்கிறதோ நிற்கட்டும்.

மு. எழுதியது:
சரி, கப்பநிரலுக்கு என் வாக்கு. ஆனால் பக்கத்தில் ‘வைரஸ்’ என்று எழுத வேண்டாம். வான்னாக்ரை தானாகவே பரவிய புழு, வைரஸ் வேறு.

செ. எழுதியது:
கப்பநிரல் பக்கம் ஆள் அதிகம். ‘ரான்சம்வேர் எனும் கப்பநிரல்’ என்று அனுப்பிவிட்டேன். கையேட்டை அச்சிடுபவர்கள் அட்டையில் மட்டும் ‘வைரஸ்’ என்றே போட்டுக்கொண்டார்கள். அதை மாற்ற விடவில்லை.

ந. எழுதியது:
அடுத்த பதிப்பிலாவது திறையை எண்ணிப் பாருங்கள். அப்புறம், ‘கப்ப நிரல்’ என்று இடம்விட்டு எழுத வேண்டாம், சேர்த்தே எழுதுங்கள்.