கறுப்பனின் ஈறைப் பார்த்தீர்களா?

குழு: தாத்தா வீடு

வெள்ளிக்கிழமை

காவ்யா (மாலை 6:42): அத்தை, பெரியப்பா, பாட்டி, எல்லோருக்கும் ஒரு நல்ல செய்தி! அப்பா நாய்க்குட்டி வாங்கச் சம்மதித்துவிட்டார் 🐶

பிரபு (6:45): ஒருவரிடம் லேப்ரடார் குட்டி இருக்கிறது. 35 நாள் குட்டி, 18 ஆயிரம் கேட்கிறார். நாளைக்கே வந்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்.

செல்வி அத்தை (6:51): 35 நாளா? அது தாயிடம் இருக்க வேண்டிய குட்டி, தம்பி. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது என்று 2017இல் வந்த மத்திய அரசு விதியில் இருக்கிறது. நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவும் செய்திருக்க வேண்டும். பதிவு எண் என்ன என்று கேட்டுப் பார்.

பிரபு (7:20): கேட்டேன் அக்கா. “வேண்டுமென்றால் எடுங்கள் சார், இன்னொரு பார்ட்டி காத்திருக்கிறது” என்று போனை வைத்துவிட்டார்.

செல்வி அத்தை (7:22): அப்படியென்றால் விட்டுவிடு. காவ்யா, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. கிண்டியில் ப்ளூ கிராஸ் விலங்குக் காப்பகம் இருக்கிறது. உன்னைப் போல ஒருத்தி வரமாட்டாளா என்று அங்கே எத்தனையோ நாய்கள் கம்பி பக்கத்தில் நிற்கின்றன. நாம் போய்ப் பார்க்கலாம்.

மீனா (7:30): அண்ணி, அங்கே இருப்பதெல்லாம் தெரு நாய்கள்தானே? ஏதாவது நோய் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. வீட்டில் சின்னவனும் இருக்கிறான்.

செல்வி அத்தை (7:36): பயப்படுவது சரிதான் மீனா, கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் தடுப்பூசியே போடாமல் கைமாறுகிற 35 நாள் குட்டிக்குத்தான் பார்வோ என்ற வைரஸ் நோய் வரும் ஆபத்து அதிகம். வாந்தியும் ரத்தப் பேதியுமாக இரண்டு மூன்று நாளில் குட்டி போய்விடக்கூடும். காப்பகத்தில் இருக்கிற பெரிய நாய்க்கு என்னென்ன ஊசி போட்டார்கள், கருத்தடை ஆயிற்றா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். குணமும் உயரமும் கண்முன்னே தெரியும். அப்புறம், நாட்டு நாய்க்கு நம் ஊர் வெயில் பழக்கம். லேப்ரடாருக்கு இரண்டடுக்கு முடி, அது குளிர் நாட்டுக்கு ஏற்ற உடம்பு.

முருகேசன் பெரியப்பா (8:05): செல்வி, நாய்ப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். கறுப்பன் இரண்டு நாளாகச் சோர்ந்து கிடக்கிறான். நேற்று கறிச்சோற்றைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். வெயில்தான் காரணம் என்று நினைத்தேன்.

செல்வி அத்தை (8:06): அண்ணே, மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். என்ன நிறம்?

முருகேசன் பெரியப்பா (8:09): அவனுக்கு ஈறே கறுப்புதானே அம்மா. என்ன தெரியும்?

செல்வி அத்தை (8:11): அப்போது கண்ணின் கீழ் இமையைக் கட்டைவிரலால் மெல்லக் கீழே இறக்குங்கள். உள்ளே இருக்கும் சதையின் நிறத்தைச் சொல்லுங்கள். ஈறில் எங்காவது கறுப்பில்லாத திட்டு இருந்தால் அதை விரலால் ஒரு நொடி அழுத்தி விடுங்கள். வெளுத்து, 2 நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். டியூப் லைட் வேண்டாம், டார்ச் அடித்துப் பாருங்கள்.

முருகேசன் பெரியப்பா (8:19): இமைக்குள் வெளுப்பாக இருக்கிறது. வெள்ளரிப் பிஞ்சின் உள்பக்கம் மாதிரி. கோரைப்பல்லுக்கு மேலே ஒரு சின்னத் திட்டு இருக்கிறது, அதுவும் அப்படித்தான். அழுத்தியபோது வித்தியாசமே தெரியவில்லை, முன்னேயே வெளுப்புதான்.

செல்வி அத்தை (8:20): வெளுப்பு என்றால் ரத்தம் குறைந்திருக்கலாம். உண்ணி இருக்கிறதா என்று காது மடலை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். விரலிடுக்கு, அக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியிலும்.

முருகேசன் பெரியப்பா (8:31): அடக் கடவுளே. இடது காதுக்குள் ஏழெட்டு உண்ணி. ஆமணக்கு விதை மாதிரி உப்பிக் கிடக்கின்றன. முன்கால் விரல்களுக்கு நடுவிலும் இருக்கின்றன. வெளியே முதுகைத் தடவினால் ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை, அதனால்தான் ஏமாந்துவிட்டேன்.

செல்வி அத்தை (8:33): விரலால் நசுக்காதீர்கள். சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், முறுக்க வேண்டாம். அப்புறம் காய்ச்சல் பாருங்கள். வீட்டு டிஜிட்டல் தெர்மாமீட்டரில் பழையது ஒன்றை இனி அவனுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். முனையில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைக்க வேண்டும். யாராவது தலையைப் பிடித்துப் பேசிக்கொண்டிருக்கட்டும். நாய்க்கு 101 முதல் 102.5 வரை இயல்பு, நம்மைவிட அதிகம்.

முருகேசன் பெரியப்பா (8:52): 104.2. அம்மாதான் அவன் தலையைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் முனகக்கூட இல்லை, அதுதான் எனக்கு வேதனையாக இருக்கிறது.

மீனா (8:54): அரை பாராசிட்டமால் கொடுத்தால் என்ன?

செல்வி அத்தை (8:54): வேண்டாம் மீனா, வேண்டவே வேண்டாம். மனுஷ மாத்திரை எதையும் நாமாகக் கொடுக்கக் கூடாது. பூனைக்குப் பாராசிட்டமால் உயிரையே எடுத்துவிடும். நாய்க்கு ஐபுப்ரூபன் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அண்ணே, பாதத்தையும் வயிற்றையும் சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். ஐஸ் வேண்டாம். குடிக்கத் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். காலையில் கதவு திறக்கும்போதே அரசு கால்நடை மருத்துவமனையில் இருங்கள். மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம். ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று நீங்களே கேளுங்கள்.

காவ்யா (9:02): அத்தை, உங்களுக்கு எப்படி இவ்வளவு தெரியும்?

செல்வி அத்தை (9:15): நம் நாய் மணி இறந்துபோனபோது கற்றேன். அவனும் இப்படித்தான் மூன்று நாள் படுத்திருந்தான். ஒரு கிளினிக்கில் தொட்டுக்கூடப் பார்க்காமல் டானிக் எழுதிக் கொடுத்தார்கள், நானும் நம்பி வந்துவிட்டேன். நான்காம் நாள் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே டாக்டர் முதலில் செய்தது உதட்டைத் தூக்கிப் பார்த்ததுதான். “இதை முந்தாநாள் நீங்கள் பார்த்திருந்தால்” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்தப் பாதி வாக்கியம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் டாக்டர் இல்லை கண்ணு. எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும் என்பது வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை

முருகேசன் பெரியப்பா (காலை 11:40): உண்ணிக் காய்ச்சல்தான். ரத்தத் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருக்கின்றன. டிரிப்ஸ் ஏற்றினார்கள். 28 நாளைக்கு மாத்திரை, சாப்பாட்டோடு கொடுக்க வேண்டுமாம். சரியான நேரத்தில் கொண்டு வந்தீர்கள் என்றார் டாக்டர் அம்மா. எடை போடச் சொன்னார்கள். வீட்டுத் தராசில் நான் மட்டும் 71, அவனைத் தூக்கிக்கொண்டு நின்றால் 87.5. ஆக 16.5 கிலோ.

பாட்டி (11:52, காவ்யாவின் பெரியம்மா தட்டச்சு செய்தது): நாயைக் கவனித்தால் போதாது, உண்ணி சுவர் விரிசலில் முட்டையிடும். கறுப்பன் படுக்கும் சாக்கை எரித்துவிட்டேன். திண்ணை இடுக்கையெல்லாம் பூசச் சொல்லியிருக்கிறேன்.

செல்வி அத்தை (11:55): அம்மா சொன்னதுதான் பாதி வைத்தியம்.

ஞாயிற்றுக்கிழமை

காவ்யா (மதியம் 1:10): ப்ளூ கிராஸுக்குப் போய் வந்தோம்! குட்டிகள் எல்லாம் காலைக் கவ்விக்கொண்டு விளையாடின. ஆனால் ஒரு பழுப்பு நாய் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தே இருந்தது. குரைக்கவில்லை. அத்தை தரையில் பக்கவாட்டில் உட்கார்ந்து, அதைப் பார்க்காமல் பேசிக்கொண்டே இருந்தார்கள். இருபது நிமிஷம் கழித்து வந்து என் செருப்பை முகர்ந்தது.

மீனா (1:14): காதில் வெட்டுப்பட்ட மாதிரி இருக்கிறதே, காயமா?

செல்வி அத்தை (1:18): கருத்தடை ஆன அடையாளம் அது மீனா. மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியில் சின்னதாக வெட்டி விடுவார்கள். தெருவில் பார்க்கிற நாய்க்கும் அப்படித்தான்.

முருகேசன் பெரியப்பா (1:25): ப்ளூ கிராஸ் தொடங்கிய கதை தெரியுமா காவ்யா? 1959இல் தி. நகரில் மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை கேப்டன் சுந்தரம் என்ற விமானி தூக்கி வந்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் அது.

பிரபு (1:31): எனக்கும் அந்தப் பழுப்பு நாயைப் பிடித்துவிட்டது. இந்த வாரமே கூட்டி வந்துவிடலாமா?

செல்வி அத்தை (1:38): வேண்டாம் தம்பி. தீபாவளிக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது. புது வீடு, புது ஆட்கள், அதோடு வெடிச்சத்தமும் சேர்ந்தால் கதவு திறந்த நொடியில் ஓடிவிடும். வழியும் தெரியாது. இப்போது எழுதிக் கொடுத்துவிட்டு வாரம் ஒருமுறை போய்ப் பாருங்கள், பண்டிகை முடிந்து கூட்டி வாருங்கள். அதற்குள் பால்கனிக் கம்பி இடைவெளியில் வலை கட்டு. அடையாள அட்டை, முகவரிச் சான்று எல்லாம் எடுத்து வை. வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று கைக்கு வந்ததும் மாநகராட்சி உரிமம் எடுத்துவிடு.

பிரபு (1:44): அபார்ட்மெண்ட் செயலாளர் ஏதாவது சொல்வார் அக்கா.

செல்வி அத்தை (1:47): வளர்ப்பு நாய்க்குத் தடை போட சங்கத்துக்கு அதிகாரம் இல்லை, இந்திய விலங்கு நல வாரியம் 2015லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் முன்கூட்டியே போய்ச் சொல். கழிவை நாமே எடுப்போம், லிஃப்ட்டில் கயிறோடுதான் வருவோம் என்று சொன்னால் பாதிப் பிரச்சினை இல்லை.

தீபாவளிக்குப் பின், வியாழக்கிழமை

மீனா (இரவு 9:20): அந்தப் பழுப்பு நாய் வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள். இன்னும் டைனிங் மேசைக்கு அடியில்தான் இருக்கிறாள். யாரும் பார்க்காதபோது சாப்பிடுகிறாள். சின்னவனிடம் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன், அவன் தூரத்தில் உட்கார்ந்து பாடப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறான். செம்பருத்தி என்று பெயர் வைத்திருக்கிறான்.

செல்வி அத்தை (9:26): மேசைக்கு அடியிலேயே இருக்கட்டும், இழுக்காதீர்கள். குளிப்பாட்ட வேண்டாம். விருந்தாளி யாரும் வர வேண்டாம். முழுசாக மனம் விட்டுப் பழக மூன்று மாதம்கூட ஆகலாம். காவ்யா, தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணிப் பழகு. ஏறி இறங்கினால் ஒன்று. 30க்குக் கீழே இருக்க வேண்டும். அவளுக்கு வழக்கமாக எவ்வளவு என்று இப்போதே தெரிந்திருந்தால், நாளைக்கு மாறும்போது உனக்குத்தான் முதலில் தெரியும்.

முருகேசன் பெரியப்பா (9:41): கறுப்பன் இன்று 18 கிலோ. இமைக்குள் நல்ல ரோஜா நிறம். பால்காரர் வந்தபோது பழையபடி வாசல் வரை ஓடிப்போய்க் குரைத்தான், தெருவே எழுந்துவிட்டது.

காவ்யா (10:48): அத்தை, எண்ணிவிட்டேன். 22. எண்ணி முடிக்கிற வரை மேசைக்கு அடியில் அவள் பக்கத்திலேயே படுத்திருந்தேன். எழுந்து போகவில்லை.

செல்வி அத்தை (10:49): தேதி போட்டு நோட்டில் எழுதி வை கண்ணு.