[கலைச்சொல்] படகுக்கு அடியில் மடங்கும் ‘கீல்’: வெள்ளிக்குள் ஒரு சொல் தேவை

பிரப்பன்வலசை, திங்கள் காலை

குழுவில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம். அவசரம் வந்தால்தான் உங்கள் ஞாபகம் வருகிறது, மன்னிக்கவும்.

பாய்ப்படகு ஓட்டப் பழக வரும் பிள்ளைகளுக்காகப் பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு பக்கம், வெள்ளிக்கிழமை ராமநாதபுரத்தில் அச்சகத்துக்குப் போக வேண்டும். எங்களிடம் இருப்பது 22 அடி பைபர் படகு. பழசாக வாங்கியது. டிரெய்லரில் ஏற்றி ஜீப்பில் கட்டி இழுத்துப் போகலாம். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் வடகடலில் (பாக் விரிகுடா) இறக்குவோம், வாடை பிடித்ததும் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் கொண்டுபோவோம், அந்த வசதிக்காகத்தான் வாங்கினோம். அதன் வயிற்றுக்கு அடியில் சுறாவின் துடுப்பு போல வார்ப்பிரும்பில் ஒரு தகடு தொங்குகிறது. எடை கால் டன். முன்முனையில் ஒரு பின், அதாவது அச்சாணி, குத்தியிருக்கும், அந்தப் பின்னைச் சுற்றி அது கீழே இறங்கும். விஞ்சைச் சுற்றினால் கம்பிவடம் இழுக்க, மேலே போய்ப் படுத்துக்கொள்ளும். இறக்கினால் ஐந்தடி ஆழம் வேண்டும், தூக்கினால் இரண்டடித் தண்ணீர் போதும். அமெரிக்காவில் 1969இல் வந்த கேடலினா 22 படகில் இருக்கும் அதே ஏற்பாடு. ஆங்கிலத்தில் ஸ்விங் கீல்.

போன வாரம் பின்னைக் கழற்றினோம். வட்டமாக இருக்க வேண்டிய துளை கோழிமுட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. பின்னைத் திரும்பச் செருகிப் பார்த்தால் பக்கத்தில் என் சுண்டுவிரல் நுனி நுழைகிறது. நங்கூரம் போட்டுப் படுத்தால் ராத்திரி முழுக்க டொக் டொக் என்று ஏன் கேட்டது என்று அப்போதுதான் புரிந்தது.

இதையெல்லாம் எழுதிக்கொண்டே வந்ததில் கடைசியில் இப்படி ஒரு வரி விழுந்துவிட்டது: ‘கீலின் கீலில் கீல் படாமல் பார்த்துக்கொள்ளவும்.’ முதல் கீல் ஆங்கிலத்தது. இரண்டாவது கதவுக்கு இருக்கிற கீல். மூன்றாவது மரப்படகுக்குப் பூசுகிற கீல், அதாவது தார். என் மனைவி வாசித்துவிட்டு, கீல்வாதத்துக்கு மருந்து எழுதுகிறீர்களா என்று கேட்டார். காப்பாற்றுங்கள்.

சென்னை, திங்கள் மதியம்

அண்ணே, ‘ஸ்விங் கீல்’ என்று அப்படியே விட்டுவிடுங்கள். பத்து வருடமாக மென்பொருளைத் தமிழாக்குகிற வேலையில் இருக்கிறேன், நாம் பாடுபட்டு உருவாக்கிய சொல்லில் பாதியைப் பார்த்தால் எனக்கே பொருள் மறந்துவிடுகிறது. பிள்ளைகள் நாளைக்கு யூடியூபில் தேடினால் ‘ஸ்விங் கீல்’ என்று அடித்தால்தான் ஏதாவது கிடைக்கும். கதவுக் கீலோடு குழம்பும் என்றால் அதை ‘கொண்டி’ என்றோ வேறு ஏதோ சொல்லியோ சமாளிக்கலாம்.

பரமக்குடி, திங்கள் இரவு

தம்பி, கொண்டி வேறு, கீல் வேறு. கொண்டி என்பது கதவைச் சாத்தியபின் மாட்டுகிற கொக்கி. ஒன்றைக் காப்பாற்றப் போய் இன்னொன்றைக் கெடுக்காதே.

கப்பலின் அடிமரத்துக்குத் தமிழில் நல்ல சொல் இருக்கிறது: ஏரா. அகராதியிலும் இருக்கிறது, மலையாளக் கரையிலும் ஏராவு என்று இருக்கிறது. ஆக, மடக்கும் ஏரா, மடக்கிய ஏரா, மடக்குகின்ற ஏரா என மூன்று காலத்துக்கும் பொருந்தும்படி வினைத்தொகையாக மடக்கேரா. மடக்கு என்பதன் ஈற்று உகரம் கெட்டு, ஏகாரம் ஏறி, அழகாகச் சேர்ந்துவிடுகிறது. மடங்கேரா என்று யாராவது கிளம்புவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், அது தானாக மடங்குவதில்லை, ஆள் விஞ்சைச் சுற்றி மடக்குகிறார். ஆகவே பிறவினை.

ஏரா எங்கிருந்து வந்தது என்பதையும் யோசிக்க வேண்டும். என் கருத்தில் அது ஏர் என்பதன் வழி வந்தது. உழவன் ஏர் நிலத்தைக் கீறுகிறது, பரதவன் ஏரா நீரைக் கீறுகிறது. மருதமும் நெய்தலும் ஒரே வேர்ச்சொல்லில் கைகோத்து நிற்கின்றன. இதை விரிவாக ஒரு கட்டுரையாகவே எழுதலாம் என்றிருக்கிறேன்.

கீழக்கரை, செவ்வாய் அதிகாலை

ஐயா எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். ஏர் விஷயம் கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறை வள்ளம் கட்டியவர்கள், நானே இருபத்தாறு வருடம் கப்பலில் இஞ்சின் அறையில் கிடந்தவன், அந்த உரிமையில் சொல்கிறேன், ஏரா எதையும் கீறாது. முதலில் தரையில் நீட்டி வைக்கும் மரம் அது. அதன்மேல்தான் மொத்தப் படகும் எழும்பும். முன்னால் அணியத்திலிருந்து பின்தலை வரை ஒரே ஓட்டம். வீட்டுக்குக் கடைக்கால் மாதிரி. கடைக்காலை யாராவது மடக்குவார்களா?

பிரப்பன்வலசைத் தம்பி சொல்கிற சாமானுக்கு வேலையே வேறு. பாயில் காற்று பக்கத்திலிருந்து மோதும்போது படகு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகராமல் அது தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. இதிலே இரும்பாக இருப்பதால் படகு சாயாமல் எடையும் கொடுக்கிறது. ஆகவே ஏரா என்று பெயர் வைத்தால் என் வாப்பா கபுரிலிருந்து எழுந்து வருவார்.

இன்னொன்று. போன மாதம் ஐயா இதே குழுவில் சுக்கான் என்ற சொல்லை நீக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். சுக்கான் அரபியிலிருந்து வந்ததுதான், மாலுமியும் அப்படித்தான், நங்கூரம் பாரசீகத்திலிருந்து, பலகைச் சந்தில் பஞ்சு அடைக்கிற கலப்பத்து போர்த்துகீசியரிடமிருந்து. எல்லாவற்றையும் இறக்கிவிட்டால் படகில் மிச்சம் இருப்பது ஐயாவும் தொல்காப்பியரும்தான்.

பரமக்குடி, செவ்வாய் காலை

மரைக்காயர் அவர்களுக்கு, தொல்காப்பியர் கூட இருந்தால் எனக்குப் பயமில்லை.

கீறாது என்கிறீர்கள். சரி, ஏற்கிறேன். அப்படியென்றால் சங்கப் பாட்டுக்கே போவோம். அகநானூற்றில் வங்கம், அதாவது கப்பல், ‘பெருங்கடல் நீரிடைப் போழ’ என்று வருகிறது. போழ்தல் என்றால் பிளத்தல். போழ்பலகை. அல்லது சுருக்கமாகப் போழி. ஏராவும் வேண்டாம், கீலும் வேண்டாம். இந்தப் போழி என்ற சொல் எனக்கு இப்போதே பிடித்துவிட்டது.

சென்னை, செவ்வாய் காலை

ஐயா, போழி என்றால் எங்கள் வீட்டில் பருப்புப் போளி வைத்துக்கொண்டு வருவார்கள். ழகரம் வராத பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மண்டபம், செவ்வாய் மாலை

வணக்கம். மீன்வளத் துறையில் வேலை பார்ப்பவள், இலக்கணம் அதிகம் தெரியாது, தவறிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சொல் போதாது என்று நினைக்கிறேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் முதலில் பழகுவது ஆப்டிமிஸ்ட் என்கிற சின்னப் படகில். அதில் ஒரு பலகையை மேலிருந்து நேராகச் செருகுவார்கள், கரைக்கு வரும்போது கையால் உருவிவிடுவார்கள். 22 அடிப் படகில் இருப்பது பின்னைச் சுற்றி மடங்குவது. ஒன்றைப் பராமரிக்கிற மாதிரி இன்னொன்றைப் பராமரிக்க முடியாது. செருகுவதில் பின் இல்லை, வடம் இல்லை, விஞ்சும் இல்லை.

இந்த வித்தியாசத்தைச் சொல்ல நமக்குப் பாம்பன் இருக்கிறதே. 1914இல் வந்த பழைய ரயில் பாலத்தில் கப்பல் வந்தால் நடுவில் இரண்டு கைகள் ஆளுக்கொரு பக்கமாகச் சாய்ந்து எழும். 2025இல் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே நேராக மேலே ஏறுகிறது. பழைய பாலம் எழும்புவது போல இருப்பது மடக்கு வகை, புதுப் பாலம் போல இருப்பது செருகு வகை. இந்தக் கரையில் தூக்குப்பாலம் தெரியாத பிள்ளை கிடையாது. அதனால் தூக்குப்பலகை என்று வைத்து, அதற்குள் இரண்டு வகை என்று பிரித்தால் என்ன?

பரமக்குடி, செவ்வாய் இரவு

அம்மா எழுதியது மிக நன்று. ஒரே ஒரு சிறு திருத்தம். தூக்குபாலம் என்பதே முறை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாய், சுடுகாடு, குடிதண்ணீர். எனவே தூக்குபலகை. ரயில்வே பிழையாக எழுதிவைத்தால் நாமும் எழுத வேண்டியதில்லை. தவிரவும் தூக்கு என்றதும் தூக்குமேடைதான் நினைவுக்கு வருகிறது. தூக்குப்பலகை என்றால் மேடையில் காலுக்குக் கீழே இருந்து விலகுகிற பலகை என்று தோன்றாதா?

கீழக்கரை, புதன் அதிகாலை

தூக்குச்சட்டியில் மதியச் சோறு கொண்டுபோகிறவனுக்குத் தோன்றாது ஐயா. அதிலும் ச் மிகுந்துதான் இருக்கிறது, சோறு கெட்டுப்போகவில்லை.

சென்னை, புதன் காலை

‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’ என்று உங்கள் தொல்காப்பியரே சொல்லியிருக்கிறார் அல்லவா? காலத்தில் வழங்கிவிட்ட சொல்லை விலக்கக் கூடாது என்றுதானே அதற்கு அர்த்தம்? நூறு வருடமாகத் தூக்குப்பாலம் என்று ஊரே சொன்ன பிறகு அந்த ‘ப்’பை யார் பிடுங்குவது?

பரமக்குடி, புதன் காலை

அந்த நூற்பா சொல்லுக்கு. சந்திப்பிழைக்கு அல்ல.

தொண்டி, புதன் இரவு

கடலில் இருந்ததால் இப்போதுதான் எல்லாவற்றையும் வாசித்தேன். பைபர் ஒட்டுவது, படகு பழுது பார்ப்பது என் தொழில்.

பலகை வேண்டாம். விசைப்படகில் பலகை என்றால் இழுவைமடியின் வாயை விரிக்கிற பலகை. ‘பலகையை இறக்கு’ என்றால் வலை இறங்குகிறது என்று அர்த்தம். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் உங்கள் கையேட்டை அப்படித்தான் வாசிப்பார்கள். எங்கள் பக்கத்து வத்தை என்கிற பாய்ப்படகில் காற்று பலமாக இருந்தால் குறுக்கே பலகையை நீட்டி அதன் நுனியில் ஆட்கள் போய் உட்காருவார்கள், தொண்டிப் பக்கப் பாய்மரப் போட்டியில் பார்த்திருப்பீர்கள், அதுவும் பலகைதான். இது மூன்றாவது பலகையா?

இரும்பைப் பலகை என்று சொல்லவும் வாய் வரவில்லை. எனக்கு மடக்கேரா பரவாயில்லை. கீழக்கரைக் காக்கா சொன்னது சரி, அது உண்மையான ஏரா இல்லை. ஆனால் ஏரா என்றால் படகுக்கு அடியில் என்று புரிந்துவிடும், மடக்கு என்றால் மடங்கும் என்று புரிந்துவிடும்.

சொல்லைவிட இதை எழுதுங்கள்: பின்னைக் கழற்றுவதற்கு முன்னால் அந்த இரும்பை டிரெய்லர் மீது கட்டை அடுக்கித் தாங்கவைக்க வேண்டும். வடத்தை நம்பக் கூடாது. வடத்தின் நரம்பு ஒன்று இரண்டு பிரிந்து முள்ளாக நின்றாலே மாற்றிவிட வேண்டும். கால் டன் விழுந்தால் கை இருக்காது. துளை முட்டையாகிவிட்டது என்றால் பெரிய பின் போட்டு ஏமாற்ற வேண்டாம், துளையை வட்டமாகக் கடைந்து, உள்ளே புஷ் என்கிற உலோக வளையம் அடிக்கலாம்.

பிரப்பன்வலசை, வியாழன் காலை

தொண்டி அண்ணனுக்கு நன்றி, கட்டை விஷயத்தை முதல் பக்கத்திலேயே கட்டம் போட்டு எழுதிவிட்டேன்.

எண்ணிப் பார்த்தேன். மடக்கேராவுக்கு என்னையும் சேர்த்து மூவர் (ஐயா அரைமனதாகப் போழியிலிருந்து திரும்பியிருக்கிறார், தனியாகப் போனில் சொன்னார்). தூக்குப்பலகைக்கு ஒருவர். ஸ்விங் கீலுக்கு ஒருவர். கீழக்கரை எதற்கும் இல்லை. உருவி எடுக்கும் சின்னதற்குச் செருகுபலகை, அதற்கு யாரும் சண்டைக்கு வரவில்லை, ப்-பும் வரவில்லை. மேலே இழுத்தால் அது போய் அடங்குகிற கூட்டுக்கு உறை என்று நானே போட்டுவிட்டேன், வாளுக்கு உறை மாதிரி. வடகடலில் அந்த உறைக்குள் கடல்தாழை என்கிற கடற்புல் சிக்கி அடைத்துக்கொள்ளும், வாரம் ஒருமுறை குச்சியால் குத்தி எடுக்க வேண்டும்.

ஒரு சிக்கல். அச்சகத்தில் தட்டச்சு செய்கிற பெண் மடக்கேராவை மூன்று இடத்தில் ‘மடக்கேமரா’ என்று அடித்திருக்கிறார். அதனால் ‘மடக்கு ஏரா’ என்று பிரித்தே போடுகிறேன். முதல் தடவை வரும் இடத்தில் ஸ்விங் கீல் என்பதையும் பக்கத்தில் எழுதிவிடுகிறேன், சென்னைத் தம்பிக்காக.

கீழக்கரை, வியாழன் மதியம்

போடுங்கள். நான் படகுப் பக்கம் வந்தால் அதை ஏரா என்று என் வாயால் சொல்ல மாட்டேன் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

பரமக்குடி, வியாழன் மாலை

பிரித்து எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. பிரித்தால் அது தொகையே அல்ல. என் மறுப்பும் பதிவில் இருக்கட்டும்.

தொண்டி, வியாழன் இரவு

பின் ஒரு இஞ்சுதானே? நாளைக்கு ராமநாதபுரம் வருகிறேன், பட்டறையில் பித்தளை ராடு இருக்கிறது, கடைந்து எடுத்து வருகிறேன்.

கீழக்கரை, வியாழன் இரவு

பித்தளை கூடவே கூடாது. கடல்தண்ணீரில் அதில் இருக்கிற துத்தநாகம் கரைந்துபோய், மிச்சம் இருப்பது கையால் ஒடிக்கிற மாதிரி ஆகிவிடும். வெண்கலம் வாங்கு. கடைக்காரன் இரண்டையுமே பிராஸ் என்றுதான் சொல்வான், தகரம் கலந்ததா துத்தநாகம் கலந்ததா என்று கேட்டு வாங்கு.

பரமக்குடி, வியாழன் இரவு

வெண்கலம் என்கிறீர்கள். கோயில் மணிக்கு வார்ப்பதும் வெண்கலம், சிலைக்கு வார்ப்பதும் வெண்கலம், ஆனால் இரண்டிலும் தகரத்தின் அளவு ஒன்றல்ல. இந்தப் பின்னுக்கு எதைச் சொல்கிறீர்கள்? நாளைக் காலை தனி இழையாகத் தொடங்குகிறேன்.

தொண்டி, வியாழன் இரவு

ஐயா, நான் காலை ஏழு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவேன். அதற்குள் சொல்லிவிடுங்கள்.