செம்பருந்துக் கூடு: புதுப்பிப்பு

புதுச்சேரி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில், தென்னை உச்சியில் ஒரு செம்பருந்து ஜோடி சுள்ளி சேர்ப்பதாக ஜனவரி கடைசியில் எழுதியிருந்தேன். விராலடிப்பானா (மீன் பிடித்துத் தின்னும் வேறொரு பெரிய பறவை, osprey) என்று சிலர் கேட்டீர்கள். இல்லை. விராலடிப்பான் இங்கே குளிர்காலத்துக்கு வந்து போகிற பறவை, கூடு கட்டுவது கிடையாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் நடுவில் குஞ்சு பொரித்தது. இரண்டு! படகுகள் கரை சேரும் காலை நேரத்தில் ஜோடியில் ஒன்று கழிவு மீனைத் தூக்கிக்கொண்டு வரும். இன்னொன்று காலால் மிதித்துப் பிடித்து, நூல் நூலாகக் கிழித்து ஊட்டும். வாலைக்கூட வீணாக்கவில்லை.

பயந்தது ஒன்றுக்குத்தான். கூட்டில் நீல நைலான் வலைத்துண்டும் இருந்தது. சின்னக் குஞ்சின் கால் அதில் மாட்டி, இரண்டு நாள் இழுத்து இழுத்துப் பார்த்தது. எனக்குத் தூக்கமே இல்லை. மூன்றாம் நாள் காலை விடுபட்டிருந்தது. அறுந்த வலையைக் கரையில் போடாதீர்கள், தயவுசெய்து.

மே முதல் வாரம் பெரியது பறந்துவிட்டது. நேற்று சின்னதும் பக்கத்துத் தென்னைக்குத் தாவி, மட்டையில் தடுமாறி உட்கார்ந்தது. உடம்பெல்லாம் பழுப்பு. வளர்ந்த செம்பருந்துக்கு இருக்கிற அந்த வெள்ளைத் தலை வர இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஆகும்.