ஹட்டனில் இருந்து லண்டன்: டிக்கட்டில் ஆறரை மணித்தியாலம், உண்மையில் எத்தனை?

(மலையகத்து நால்வரின் பேச்சு; பேசுபவரின் பெயருக்குப் பதில் அவர் ஊர்.)

ஹட்டன் டவுன்:
டிக்கட் போடும் கடையொன்றில் பார்த்தது, இன்னும் மனசில் கிடக்குது. ஒரு அம்மா தன் மகளின் லண்டன் டிக்கட்டை விரித்து விரல்விட்டு எண்ணினார். "பகல் ஒண்ணுக்கு ஏறுது, ராத்திரி ஏழரைக்கு இறங்குது. ஆறரை மணித்தியாலம்தானே தம்பி?" கவுன்டர் தம்பி நிமிராமலே "ஆமா அம்மா" என்றான். டிக்கட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். கோடையில் லண்டன் நமக்கு நாலரை மணி பின்னாடி. ஆறரையும் நாலரையும் பதினொன்று. மகள் லண்டனில் இறங்கும்போது இங்கே நடுச்சாமம் 12.

தலவாக்கலை:
நாலரை கோடைக்கு மட்டும்தான். அக்டோபர் கடைசி ஞாயிறு தொடக்கம் மார்ச் கடைசி ஞாயிறு வரை ஐந்தரை. டொரண்டோ கடிகாரத்தை மாற்றுவது மார்ச் 2ஆம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். இடைப்பட்ட வாரங்களில் லண்டன் கணக்கை வைத்து டொரண்டோவுக்குக் கோல் எடுத்தால் ஒரு மணி பிசகும்.

பண்டாரவளை:
பதினொரு மணித்தியாலம் எதுக்கு? கொழும்பில் இருந்து லண்டன் தூரம் சுமார் 8,700 கிலோமீட்டர், வேகம் மணிக்கு 900. வகுத்தால் பத்து மணிகூட வராதே.

தலவாக்கலை:
அண்ணே, அது உருண்டைமேல் நூல் பிடித்த தூரம். விமானம் போவது வகுத்த வான்பாதையில், மூடிய வான்வெளியைச் சுற்றிக்கொண்டு. ஏறும்போதும் இறங்கும்போதும் 900 கிடையாது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் டிக்கட்டில் சேர்த்திதான். மேலே காற்று மேற்கிலிருந்து வீசுது, போகும்போது எதிர்க்காற்று. அதனால்தான் திரும்பி வர நேரம் குறையும்.

கினிகத்தேனை:
விமானத்தை விடுங்க, முதல்ல கட்டுநாயக்க விமான நிலையம் போய்ச் சேருங்க. ஹட்டனில் இருந்து அவிசாவளை வழியா சுமார் 140 கிலோமீட்டர், வேனில் அஞ்சு மணி. அதே அஞ்சு மணியில் விமானம் கத்தாரில் இருக்கிற டோகாவுக்கே போயிடும், 3,700 கிலோமீட்டர்! பகல் ஒண்ணுக்கு ஏறும் விமானத்துக்குக் காலை பத்து மணிக்கு உள்ளே நிற்கணும். வழியில் தாமதத்துக்குக் கைக்காவலா ஒரு மணி சேர்த்தால் விடியக்காலை நாலுக்கு வேன் கிளம்பணும். மே தொடக்கம் செப்டம்பர் வரை மழையில் மண்சரிவு பயம் வேற. சரிவு கினிகத்தேனைக்குக் கீழே என்றால் நாவலப்பிட்டிப் பக்கம் இறங்கி, கம்பளை, கடுகண்ணாவைன்னு போகலாம். அதுக்கு மேலே, ஹட்டன் பக்கத்து வட்டவளையில் என்றால் அதுவும் இல்லை, நுவரெலியா, றம்பொடை சுற்றணும். மழை பலமா இருந்தா முதல் நாளே இறங்கி நீர்கொழும்பில் தங்குங்க. ரயிலை நம்பி அன்றைக்கே போகாதீங்க, ஹட்டனுக்குக் கீழே பாதையில் கல் விழுந்தால் அவ்வளவுதான். கித்துல்கல வளைவில் வாந்தி வரும், முன் சீட்டைக் கொடுங்க.

பண்டாரவளை:
கேட்டது லண்டன், வந்தது வட்டவளை. அந்த அம்மாவுக்கு யாராவது சொன்னீங்களா?

ஹட்டன் டவுன்:
வாசலில் வைத்துச் சொன்னேன். பன்னிரண்டுக்கே கோல் வராது, குடிவரவு வரிசை, பெட்டி எல்லாம் முடிய இன்னும் ஒன்றரை மணி போகலாம் என்றும் சொன்னேன். "அப்போ தூங்கி எந்திரிச்சே எடுக்கிறேன்" என்றார்.