கர்த்தர் நடத்தினாரா, நாமே நடந்தோமா? மலைக்காரர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கோத்தகிரி இலைக்காரன்:
உலகம் இழுத்தபோது மாட்டேன் என்ற அனுபவத்தைக் கேட்டவன் நான், அதனால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு வருஷம் இலை ஏஜென்டாக, தேயிலைக் கொழுந்தை எடை போட்டு வாங்கி ஃபேக்டரிக்கு அனுப்புகிறவனாக இருந்தேன். மழைக்காலத்தில் ஈர இலைக்குக் கழிவு பிடிப்பது, அதாவது தண்ணீர்க் கனத்துக்காக எடையில் குறைப்பது, எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு வருஷம் ஃபேக்டரியில் கூப்பிட்டு, ஈரமோ காய்ந்ததோ, மூட்டைக்கு மூன்று கிலோ பிடி என்றார்கள். நானும் இரண்டு வாரம் பிடித்தேன். சபையில் சாட்சி சொல்லும்போது இந்த இரண்டு வாரத்தை மட்டும் விட்டுவிடுவேன்.

அன்றைக்கு நல்ல வெயில். ஒரு அக்கா மூட்டையைத் தராசில் மாட்டினார். முள் 31-ல் நின்றது. 28 எழுதப் போனேன். அவர் முள்ளையும் பார்க்கவில்லை, என் பேனாவையும் பார்க்கவில்லை. சும்மாட்டை அவிழ்த்து உதறிக்கொண்டிருந்தார், நீ என்ன எழுதினாலும் எழுதிக்கொள் என்கிற மாதிரி. கை 31 என்று எழுதிவிட்டது. அதற்கப்புறம் யாருக்கும் குறைக்கவில்லை. அடுத்த மாதம் என்னை நிறுத்திவிட்டார்கள்.

அந்த நேரத்தில் ஜெபிக்கவில்லை, வசனம் எதுவும் ஞாபகம் வரவில்லை. சபையில் "கர்த்தர் நடத்தினார்" என்கிறார்கள். வீட்டுக்காரி "உங்க வீம்பு நடத்துச்சு" என்கிறாள்.

கோடை வண்டி:
அண்ணே, நம்ம கதை போதைக் காளான். கோடைக்கானலில் வண்டி ஓட்டுகிறவனுக்கு விளக்கம் தேவையில்லை. 2024 மே, மலைக்கு வருகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த புதுசு. வாடகை இல்லாமல் ஸ்டாண்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது நாலு பசங்க மூன்று நாளுக்கு வண்டி பேசினார்கள். சலேத் மாதா கோயிலில் நிறுத்தி, 1866-ல் கட்டியது, அமெரிக்க மிஷனரிமார் 1845-லேயே இந்த மலையில் வீடு கட்டியாச்சு என்று வழக்கமான பாட்டைப் பாடிக்கொண்டிருந்தேன். "அதெல்லாம் சரிண்ணா, காளான் எங்க கிடைக்கும்?" என்றான் ஒருத்தன். மாதா சொரூபத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்.

"தெரியாது" என்றேன். வேறு வண்டி பிடித்துப் போய்விட்டார்கள். அந்த மாத வண்டிக் கடன் டியூ நின்றுபோனது. உறுத்துவது அது இல்லை. எனக்கு இடம் தெரியும். "கூட்டிட்டுப் போக மாட்டேன்" என்று சொல்ல வாய் வராமல் மாதா முன்னாடியே பொய் சொன்னேன்.

வெலிங்டன் பென்ஷனர்:
எனக்கு நடந்தது சின்ன விஷயம். ரிட்டயர் ஆனதும் ஞாயிற்றுக்கிழமையும் வரச்சொல்லி ஒரு வேலை வந்தது, போகவில்லை.

இலைக்காரத் தம்பி, சரியான எடை எழுதுவதற்கு தேவநடத்துதல் எதற்கு? அது பத்துக் கட்டளையிலேயே இருக்கிறது. எது சரி என்று தெரியாத இடத்தில்தான் நடத்துதல் கேட்க வேண்டும். பவுல் பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், ஆவியானவர் விடவில்லை. துரோவாவுக்கு வந்த பிறகுதான் மக்கெதோனியாவுக்கு வா என்று கூப்பிடும் தரிசனம். அப்போஸ்தலர் 16-ஐ உட்கார்ந்து வாசியுங்கள். பெரிய முடிவு என்றால் மூன்று நாள் உபவாசம் இருங்கள், ராத்திரி வெளியே போட்ட தோலில் மட்டும் பனி பெய்யட்டும் என்று கேட்ட கிதியோனைப் போல அடையாளம் கேளுங்கள், மனைவியும் ஒத்துக்கொண்ட பிறகு செய்யுங்கள். வேலையை விடுவதற்கு முன் ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கி வையுங்கள். வண்டித் தம்பி, நீங்கள் பேங்கில் போய்த் தவணைக் காலத்தை நீட்டிக் கேளுங்கள். அந்தக் காளான் 1985 போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது, மாட்டினால் வண்டியும் போகும். பொய்க்குப் பாவமன்னிப்பு உண்டு, ஜாமீன் கிடைப்பது கஷ்டம்.

கோத்தகிரி இலைக்காரன்:
ஐயா, நான் வேலையை விடவில்லை. நிறுத்தினார்கள்.

மஞ்சூர் மகள்:
பென்ஷனர் ஐயா, கிதியோன் தோலெல்லாம் நம்ம ஊரில் எடுபடாது. ராத்திரி வெளியே எதைப் போட்டாலும் காலையில் நனைந்துதான் கிடக்கும்.

எனக்கு அடையாளம் கேட்காமலே வந்தது. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் புது வருஷத்துக்கான வாக்குத்தத்த அட்டை, வசனம் அச்சடித்தது, கட்டிலிருந்து ஒன்று எடுத்தேன். ஆதியாகமம் 12:1. ஆபிரகாமைத் தேசத்தையும் இனத்தையும் தகப்பன் வீட்டையும் விட்டுப் புறப்படச் சொன்ன இடம். அப்போது வீட்டில் துபாய் மாப்பிள்ளை ஒருவரைப் பேசிக்கொண்டிருந்தார்கள். விசுவாசக் குடும்பம்தான், ஆனால் ஐம்பது பவுன். அப்பா அரை ஏக்கர் தேயிலையை விற்க ஆள் பார்த்தாயிற்று. அம்மா அட்டையை வாங்கிப் படித்துவிட்டு அங்கேயே அழுதார், "ஆண்டவரே சொல்லிட்டார்டி." வீட்டுக்கு வருவதற்குள் அட்டையின் போட்டோ சித்தி, பெரியம்மா எல்லோருக்கும் போய்விட்டது. மெழுகு ஒழுகி அட்டையில் ஒட்டியிருந்தது. நான் அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றேன். உலகம் உலகமாகவே வந்தால் தள்ளிவிடலாம், எனக்கு வசனத்தோடு வந்தது.

இரண்டு நாள் கழித்து சபைப் போதகர் ஐயரிடம் போனேன். "ஒரே வசனம் ஒரு கட்டுல நாலஞ்சு இருக்கும்மா, அச்சடிச்சு வாங்குறதுதானே" என்றார். அப்புறம், "ஆபிரகாம்கிட்ட யாரும் நகை கேக்கலியே."

மாட்டேன் என்றுவிட்டேன். அம்மா ஒரு வருஷம் கோயிலில் என் பக்கத்தில் உட்காரவில்லை. நான் கர்த்தருக்குக் கீழ்ப்படிந்தேனா, அவரையே மீறினேனா என்று அம்மாவுக்கு இன்னும் சந்தேகம். சில ராத்திரி எனக்கும். தேயிலை இருக்கிறது, அதில்தான் இப்போது கொழுந்து எடுக்கிறேன்.

வெலிங்டன் பென்ஷனர்:
அட்டை எடுப்பதே தவறு என்று நான் பல வருஷமாகச் சொல்கிறேன். இது பற்றித் தனியாக எழுதுகிறேன்.

கோடை வண்டி:
தனியாகவே எழுதுங்க ஐயா.

கோத்தகிரி இலைக்காரன்:
ஒன்று சொல்லாமல் விட்டேன். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் அந்த அக்காவைப் பார்த்தேன். நானாகப் போய், என்னைத் தெரிகிறதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்தார். "தெரியாம என்ன, மூட்டைக்கு மூணு கிலோ புடிச்சவருதானே" என்றார்.

ஆமாக்கா என்றேன்.