மைசீனி கோட்டையும் கல்லறையும், நேர்ல பாத்தவங்க இருக்கீங்களா?

கப்பல்தம்பி (ரங்கூன்):
அண்ணன்மாரே அக்காமாரே வணக்கம். அடுத்த மாசம் எங்க கப்பல் கிரீஸ்ல பிரேயஸ் துறைமுகத்துல நிக்குது, ஒரு நாள் லீவு உண்டு, மைசீனிங்கற பழங்காலக் கோட்டை ஊருக்கு போகணும்னு ரொம்ப நாள் ஆசை. ஒரு சந்தேகம், குன்று மேல அவ்ளோ பெரிய கல்லுல மதில், கீழ சரிவு பூரா கல்லறை, ரெண்டும் ஒரே ஜனங்க செஞ்சதா? கல்லறைய குடைஞ்சாங்களா கட்டுனாங்களா?

பழைய மாலுமி (மோல்மேன்):
ஒரே ஜனங்கதான் தம்பி, காலம்தான் முன்ன பின்ன. கிமு 1600 வாக்குல பாறையில கிணறு மாதிரி ஆறு குழி வெட்டி 19 பேர தங்கத்தோட புதைச்சிருக்காங்க, 1876ல ஷ்லீமன்னு ஒரு ஜெர்மன்காரர் தோண்டுன தங்க முகமூடி அதுல வந்ததுதான். கோட்டையோட பெரிய வாசலான சிங்க வாசல் கட்டுனது கிமு 1250 வாக்குல. அதுவரைக்கும் அந்தக் குழிங்க மதிலுக்கு வெளிய கிடந்துச்சு, புது மதில வளைச்சு நீட்டி அதையும் உள்ள சேத்துக்கிட்டாங்க. 300 வருஷம் முந்தி செத்த பூட்டன் பாட்டனுக்காக மதிலயே தள்ளிக் கட்டிருக்காங்க பாரு, வாசல் தாண்டி வலது கைப்பக்கம் நின்னு அதைப் பாத்தப்ப எனக்கு கண்ணு கலங்கிருச்சு.

டீச்சரக்கா (மாந்தளே):
தம்பி, குடைஞ்சதும் உண்டு கட்டுனதும் உண்டு. வசதியான குடும்பங்க சரிவுல பாறைய குடைஞ்சு ஒரு அறை, அதுக்கு முன்னால நீளமா ஒரு பாதை வெட்டிக்குவாங்க. வீட்டுல ஒருத்தர் போயிட்டா பாதையில இருக்குற மண்ண அள்ளி, வாசல் அடைச்ச கல்ல பிரிச்சு, பழைய எலும்ப ஓரமா ஒதுக்கிட்டு புதுசா படுக்க வச்சு மறுபடி மூடிருவாங்க, இப்படியே தலைமுறை தலைமுறையா. பழங்கதை ராஜா அத்ரியஸ் பேருல அத்ரியஸ் கருவூலம்னு சொல்றாங்களே அது கருவூலமே இல்ல, ராஜா வீட்டுக் கல்லறை, குன்றை வெட்டி உள்ள வட்டமா கல்லுல கட்டுனது, உயரம் 13 மீட்டர். நம்ம பர்மா பாகான் கோயில்ல செங்கல் வளைவு ஒன்ன ஒன்னு தாங்கி நிக்கும்ல, இது அப்படி இல்ல, ஒவ்வொரு வரிசையயும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள தள்ளி வச்சு உச்சியில மூடிருக்காங்க. வாசல் மேல கிடக்குற உத்தரக்கல் 100 டன்னுக்கு மேல! அதுக்கும் மேல முக்கோணமா ஒரு இடம் காலியா விட்டிருப்பாங்க, பாரம் உத்தரத்துல இறங்காம பக்கத்துச் சுவருக்கு போகத்தான்.

கப்பல்தம்பி:
அக்கா அண்ணே ரொம்ப நன்றி. பஸ் இருக்கா?

பழைய மாலுமி:
ஏதென்ஸ்ல நாப்லியோ பஸ் ஏறி ஃபிக்திங்கற ஊர்ல இறங்கு, அங்கேர்ந்து கொஞ்ச தூரம்தான். கோட்டைக்குள்ள கிழக்குக் கோடி வரைக்கும் நடந்து போ, முற்றுகை வந்தாலும் தண்ணி எடுக்கட்டும்னு பூமிக்கு அடியில தொட்டிக்கு படி இறக்கிருக்காங்க, அதை விட்டுடாத.