சொல்லத் தெரிந்தும் எழுத வராத மாணவனுக்கு எப்படிப் புள்ளி இடுவது?

கேள்வி: விஞ்ஞான ஆசிரியை, தென்மராட்சி

வணக்கம். நெம்புகோல் பாடத்தின்போது, வீட்டுக் கிணற்றுத் துலாவை உதாரணமாகக் கொண்டு சுமை எது, எத்தனம் எது, சுழலிடம் எது என்று வகுப்பின் முன்னால் நின்று பிசகின்றி விளக்கிய மாணவன் ஒருவன், அதே வினாவுக்குத் தவணைப் பரீட்சையில் ஒன்றரை வரி மட்டுமே எழுதியிருந்தான். விடைத்தாளில் உள்ளதற்குத்தான் புள்ளி இட முடியும். ஆனாலும் அவனுக்குப் பாடம் விளங்கவில்லை என்று பதிய மனம் ஒப்பவில்லை. அண்மையில் நடந்த பயிற்சிப் பட்டறை ஒன்றில், மாணவரைப் பார்த்துக் கற்போர், கேட்டுக் கற்போர், செய்து கற்போர் எனப் பிரித்து அதற்கேற்பக் கற்பித்துக் கணிப்பிடுமாறு கூறினார்கள். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இது சாத்தியமா? ஆளுக்கொரு விதமாகப் புள்ளி இடுவது மற்றவர்களுக்கு அநீதியாகாதா?

பதில்: கல்வி உளவியல் விரிவுரையாளர், யாழ்ப்பாணம்

அந்த மூவகைப் பிரிப்பை நம்பி வகுப்பைக் கூறுபோட வேண்டாம். பிள்ளையின் விருப்பமான பாணியில் கற்பித்தால் கற்றல் கூடும் என்ற கருத்தை ஹரல்ட் பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் 2008இல் மீளாய்வு செய்து, அதற்குப் போதிய சான்று இல்லை என்றே முடிவு கூறினர். நுண்ணறிவு ஒன்றல்ல, பல என்று கூறும் பல்வகை நுண்ணறிவுக் கோட்பாட்டை 1983இல் முன்வைத்த ஹவார்ட் கார்ட்னரும், அதைக் கற்றல் பாணிகளோடு குழப்ப வேண்டாம் என்று பின்னர் எழுதினார். பேச்சில் வல்ல பிள்ளைகள் இருப்பது உண்மைதான். ஆனால் "இவன் கேட்டுக் கற்பவன்" என்று முத்திரை குத்திவிட்டால், அவனுக்கு வரைபடம் வாசிக்கப் பழக்குவதற்கு எவரும் மினக்கெட மாட்டார்கள்.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர், வலிகாமம்

ரீச்சர், உங்கள் வினா எதை அளக்கிறது என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். அதற்கு ஆறு புள்ளி என்று வைத்துக்கொண்டால், துலாவில் மூன்று இடங்களையும் இனங்காண்பதற்கு மூன்றும், எத்தனம் சுழலிடமான ஆடுகாலுக்குக் கிட்ட வரவர ஏன் கூடுதல் விசை தேவைப்படுகிறது என்பதற்கு மூன்றும் போகும். இந்த ஆறில் எழுத்து நடைக்கென்று ஒரு புள்ளியும் இல்லை. ஆகவே பாடசாலை மட்டக் கணிப்பீட்டில் ஒருவர் எழுதலாம், ஒருவர் படம் வரைந்து பெயரிடலாம், ஒருவர் உங்கள் மேசையருகே வந்து சொல்லலாம். மூவருக்கும் புள்ளித்திட்டம் ஒன்றே. படம் அழகாக இருக்கிறது என்று ஒன்றும், பேச்சு சரளமாக இருக்கிறது என்று அரையும் கூட்டிப் போடும்போதுதான் அநீதி தொடங்குகிறது. வாய்ச்சாலகம் உள்ள பிள்ளைகள் எங்களை எளிதில் மயக்கிவிடுவார்கள் என்பதால், கேட்கும்போதே புள்ளித்திட்டத்தில் அடையாளமிட்டுக்கொள்ளுங்கள். தமிழ்க் கட்டுரைக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அங்கே அளக்கப்படுவதே எழுத்துத்தான்.

பதில்: கணித ஆசிரியர், வடமராட்சி

ஐயா கூறுவதை ஏற்கிறேன். எனினும் சாதாரண தரப் பரீட்சையில் மேசையருகே வந்து சொல்ல இடமில்லை. 35 புள்ளி எடுத்தால் சித்தி, 34 எடுத்தால் இல்லை, திருத்துபவர் பிள்ளையின் முகத்தையே அறியார். எனவே அவன் வாயால் சொன்னதை, சூடு ஆறுமுன் அவனைக் கொண்டே நான்கு வசனங்களில் எழுதுவியுங்கள். எழுத்துகள் தொடர்ந்து இடம்மாறி விழுந்து வாசிப்பும் தடைப்படுமாயின், சோம்பல் என்று தீர்மானிக்க முன்னர் பெற்றோருடன் பேசி, விசேட கல்வி ஆசிரியரிடமோ வைத்தியரிடமோ காட்டச் சொல்வது நல்லது.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. வாசிப்பில் அவனுக்குத் தடை இல்லை. பேனையைப் பிடித்தால்தான் தயங்குகிறான். ஆனால் நாற்பது நிமிடப் பாடவேளையில் எத்தனை பேரை வாய்மொழியாகக் கேட்க முடியும்?

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர், வலிகாமம்

மற்றவர்கள் செயலட்டை செய்துகொண்டிருக்கும்போது நான்கைந்து பேரை அழையுங்கள். மிகுதிப் பேரை அடுத்தடுத்த பாடவேளைகளில் கேட்கலாம். ஒவ்வொரு நாளும் உதாரணத்தை மட்டும் மாற்றிவிடுங்கள், ஒரு நாள் துலா என்றால் மறுநாள் பாக்குவெட்டி. இல்லாவிட்டால் காலையில் கேட்ட வினா பின்னேரத்துக்குள் ரியூசன் வரை போய்விடும்.